பல்லைக் கடித்தது நான் இல்லை

வேனில் என்கூட வந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கும் இப்போது நரை விழுந்திருக்கும். அரபு நாட்டுப் புஜைராவில் ஐந்தாவது படிக்கும்போது என்னைப் ‘பூச்சி’ என்று கூப்பிட்டீர்கள். பள்ளிக்கூடம் முடிகிற வரைக்கும் அந்த வருஷம் எனக்கு அதுதான் பெயர். நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். என் வயிற்றில் பூச்சி இல்லை. தூக்கத்தில் பல்லைக் கடித்ததும் நான் இல்லை.

எனக்கு எழுத்து அதிகம் வராது. ஏழாவதோடு நின்றுவிட்டேன். தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

எங்கள் வீடு உங்களில் சிலருக்குத் தெரியும். பழைய வில்லா. முதலாளி அதைப் பலகை வைத்துத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார். ஒரு தடுப்பில் வாப்பா, உம்மா, நான், மூன்று பேர். பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு மாமி, மாமா, அவர்களுடைய மகன். மாமாவுக்குத் துறைமுகத்தில் வேலை. சமையற்கட்டு இரண்டு குடும்பத்துக்கும் ஒன்று. பலகையில் ஆணி அடித்தால் அந்தப் பக்கம் முனை நீட்டும். அங்கே தும்மினால் இங்கே உம்மா யர்ஹமுகல்லாஹ் என்று துஆ சொல்வாள்.

வாப்பா தையல்காரர். அரபிகள் போடுகிற கந்தூரா தைக்கிற கடையில் மெஷினில் இருந்தார். கடை மத்தியானம் ஒரு மணிக்குச் சாத்தி நாலு மணிக்குத் திறக்கும். அந்த ஊரில் எல்லாக் கடையும் அப்படித்தான். வாப்பா வந்து சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். வேன் என்னை இரண்டரைக்கு இறக்கிவிடும். நான் உள்ளே வரும்போது திரை போட்டு ரூம் இருட்டாக இருக்கும். ஏ.சி. உறுமிக்கொண்டிருக்கும். அதற்கு மேலே அந்தச் சத்தம் கேட்கும்.

அடிப்பிடித்த சட்டியைக் கரண்டியால் சுரண்டுவதுபோல் இருக்கும். கொஞ்சம் நிற்கும். மறுபடி சுரண்டும். வாப்பாவின் கன்னத்தில் காதுக்குக் கீழே ஒரு முடிச்சு எழும்பி எழும்பி அடங்கும். முகம் மட்டும் அமைதியாக இருக்கும். எனக்கு அதுதான் பயம். கோபப்படுகிறவர் முகமாக இருந்தால் புரிந்திருக்கும்.

மாமி ஒரு நாள் சமையற்கட்டில் உம்மாவிடம் கேட்டாள். நான் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன்.

“லாத்தா, மத்தியானமானா உங்க ரூம்ல என்ன சத்தம்? நறநறன்னு. எனக்கு உடம்பு கூசுது.”

உம்மா அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள். “புள்ளதான். வயித்துல பூச்சி இருக்கும்போல. பல்லைக் கடிக்குது.”

“புள்ளயா? அப்ப சரி. நான் என்னமோ நெனச்சேன். பெரிய ஆளுங்க தூக்கத்துல பல்லைக் கடிச்சா அந்த வீட்டுல பரக்கத் நிக்காது, காசு தங்காதும்பாங்க.”

“அது பெரிய ஆளுங்களுக்கு.”

நான் உம்மாவைப் பார்த்தேன். உம்மா என்னைப் பார்க்கவில்லை.

மூன்று மணி வரைக்கும் நான் பாவாடைகூட மாற்றாமல் வீட்டுப்பாடம் எழுதுகிறவள். மத்தியானம் நான் தூங்கியதே கிடையாது. அது மாமிக்குத் தெரியாது. மாமியின் மகனுக்கும் தெரியாது. அவன் வேனில் வந்து சொன்னான். மீதி உங்களுக்குத் தெரியும்.

சொன்னதோடு விட்டிருக்கலாம். உம்மா எனக்கு மருந்தும் வாங்கினாள். மாமி பார்க்க வேண்டுமே. இனிப்பு மருந்து ஒரு பாட்டில். அப்புறம் பாகற்காய்ச் சாறு. அப்புறம் பப்பாளி விதையை அரைத்துத் தேனில் குழைத்துக் கொடுத்தாள். எல்லாம் பொதுச் சமையற்கட்டில், மாமி நிற்கும்போது. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன்.

“விழுந்துச்சா லாத்தா?”

“விழுந்துச்சு.”

“எத்தனை?”

உம்மா யோசித்தாள். “ரெண்டு.”

மறுநாள் மத்தியானம் மறுபடி சத்தம். மாமி பலகையைத் தட்டிச் சொன்னாள். “லாத்தா, இன்னும் இருக்கு. இன்னொரு பாட்டில் கொடுங்க.”

வாப்பா முழித்துக்கொண்டார். “யாருக்கு என்ன இருக்கு?” என்றார். உம்மா ஒன்றுமில்லை என்றாள். நான் பென்சில் சீவினேன். தான் கடிப்பது அவருக்கு அதுவரை தெரியாது என்றுதான் இப்போது நினைக்கிறேன். தூங்குகிறவருக்குத் தெரியாது. அன்றைக்கு அவருக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, எழுந்து போய் வாய் கொப்பளித்தார்.

அவருக்கு எழுந்ததும் தலைவலி இருக்கும். பொட்டில் கட்டை விரலை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முதலில் காது வலி என்றார். உம்மா எண்ணெய் காய்ச்சி விட்டாள். காதில் ஒன்றும் இல்லை. பிறகு கடைவாய்ப் பல் என்றார். பிறகு அதற்குப் பக்கத்துப் பல். வலி ஓரிடத்தில் நிற்கவில்லை.

எல்லாரும் நூலைத்தான் சொன்னார்கள். வாப்பா நூலைப் பல்லால் கடித்து அறுப்பார். முன்பல் இரண்டிலும் மெஷின் ஊசி போகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. கடையின் கட்டிங் மாஸ்டர் சொன்னாராம்: “பாய், கத்தரி எதுக்கு இருக்கு? பல்லு என்ன கம்பெனி குடுத்ததா?” உம்மா ஒரு சின்ன நூல்வெட்டியை வாங்கி, நாடாவில் கட்டி, வாப்பாவின் கழுத்தில் மாட்டி அனுப்பினாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு ஐ.டி. கார்டு மாட்டுகிற மாதிரி. வாப்பா அதை மாட்டிக்கொண்டு போனார். நூல் கடிப்பது நின்றது. வலி நிற்கவில்லை.

ஊருக்கு லீவில் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். நம் வீடுகளில் எல்லாரும் சொன்னதுதான். முதுகுவலி, கண் மங்கல், மூலம் எல்லாவற்றையும் இரண்டு வருஷம் சேர்த்து வைத்து, லீவில் ஒரே மாதத்தில் காட்டிவிட்டு வருவார்கள். பல் அப்படிக் காத்திருக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை வலி தாங்காமல் என்னைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார்.

நான் எதற்கு என்றால், பேச. அங்கே இருந்த டாக்டருக்கு அரபியும் இங்கிலீஷும்தான். வாப்பாவின் அரபி கை நீளம், கழுத்தளவு, ‘புக்ரா’ என்றால் நாளை, அவ்வளவுதான். அதில் பல்லுக்கு வார்த்தை இல்லை.

டாக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். அவசரத்தில் இருந்தார். வெளியே ஆள் காத்திருந்தது. என்னிடம் இங்கிலீஷில் கேட்டார்.

நான் வாப்பாவிடம் சொன்னேன். “தூங்கும்போது பல்லைக் கடிப்பீங்களான்னு கேக்குறார்.”

வாய் திறந்தபடியே வாப்பா என்னைப் பார்த்தார். அப்புறம் மூடிக்கொண்டார்.

“இல்லைன்னு சொல்லு.”

முந்தின நாள் மத்தியானம்கூட அந்தச் சத்தத்தைக் கேட்டிருந்தேன். பத்து வயதுப் பிள்ளை வாப்பா சொன்னதைத்தான் சொல்லும். “நோ சார்” என்றேன். டாக்டர் தலையாட்டினார். வலிக்கிற பல் எது என்று கேட்டார். வாப்பா விரலை வைத்தார். அதைப் பிடுங்கிவிட்டார்கள்.

பிடுங்கிய பல்லைத் தாளில் மடித்துக் கொடுத்தார்கள். வீட்டில் உம்மா பிரித்துப் பார்த்தாள். சொத்தை இல்லை. மேல் பக்கம் மட்டும் தேய்த்த சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று இருந்தது. “நல்ல பல்லால்லோ இருக்கு” என்றாள். அவ்வளவுதான். மடித்துக் குப்பையில் போட்டாள்.

ஒரு மாதத்தில் அடுத்த பல் வலித்தது. அதையும் அங்கேயே பிடுங்கினார்கள். அன்றைக்கு டாக்டர் எதுவும் கேட்கவில்லை. முதல்தடவை நான் சொன்ன பதிலை எழுதி வைத்திருந்தார்.

இரண்டு பல் போயும் பொட்டு வலி அப்படியே இருந்தது. கோடை முடிகிற சமயம். வியர்வையும் கடல் ஈரமுமாய் ஊரே கசகசவென்று இருக்கும். வாப்பா சோற்றைக் குழைத்துத் தண்ணீர் ஊற்றி விழுங்கினார். வாய் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கத்து மாமாதான் வேறு ஒரு கிளினிக் சொன்னார். அங்கே ஒரு லேடி டாக்டர். இங்கிலீஷில்தான் பேசினார். நான்தான் போனேன்.

அவர் விளக்கைப் பிறகுதான் போட்டார். முதலில் வாப்பாவின் கன்னத்தில் இரண்டு கையையும் வைத்தார். கடியுங்கள் என்றார். விடுங்கள் என்றார். காதுக்குக் கீழே அந்த முடிச்சை அழுத்தினார். வாப்பாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் வாயைத் திறந்து பார்த்தார். நாக்கின் ஓரத்தைப் பார்த்தார். அதில் பல் பதிந்த தடம் வரிசையாக இருந்தது.

“தூக்கத்தில் கடிக்கிறாரா?”

வாப்பா அந்தக் கேள்வியை இதற்குள் இங்கிலீஷிலேயே தெரிந்து வைத்திருந்தார். நான் தமிழில் சொல்வதற்கு முன்னாலேயே “நோ, நோ” என்றார்.

டாக்டர் அவரை விட்டுவிட்டு என்னிடம் கேட்டார். “நீ அவர்கூட ஒரே ரூமில்தானே தூங்குகிறாய்? உனக்குக் கேட்கிறதா?”

நான் வாப்பாவைப் பார்க்கவில்லை. “யெஸ். எவ்ரி டே” என்றேன்.

திரும்பி நடந்து வந்தோம். வாப்பா எனக்கு முன்னால் நடந்தார். ரவுண்டானா தாண்டியதும் திரும்பாமலே கேட்டார். “தெனமுமா?”

“ஆமா வாப்பா.”

“ரொம்பச் சத்தமா?”

“அவ்வளவு இல்லை.”

அதுவும் பொய்தான்.

டாக்டர் சொன்னதை நான் உம்மாவிடம் அன்றைக்குச் சொன்னேன். பல்லில் நோய் இல்லை. கடித்துக் கடித்துத் தாடைச் சதை நோகிறது. அந்த வலிதான் பல்லில் தெரிகிறது. முதல் இரண்டு பல்லையும் பிடுங்கியிருக்க வேண்டாம். சாப்பிடும்போது தவிர மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவே கூடாது. உதடு மூடியிருக்கலாம், பல் விலகி இருக்க வேண்டும். கன்னத்தில் சூடு வைக்க வேண்டும். டீயைக் குறைக்க வேண்டும். தூங்கும்போது போட ஒரு உறை செய்து தருவார்கள்.

உம்மா எல்லாம் கேட்டாள். “அப்ப நூல் இல்லியா?” என்றாள். பூச்சி மருந்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு அப்புறம் கொடுக்கவில்லை. அதுதான் சொன்ன மாதிரி.

இன்னொன்றும் டாக்டர் சொன்னார். வேலை செய்கிற இடத்தில் கண் படுகிற மாதிரி ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள், அதைப் பார்க்கும்போதெல்லாம் தாடையைத் தளர்த்துங்கள் என்று. என்னிடம் ஹோம்வொர்க் நோட்டில் டீச்சர் ஒட்டுகிற நட்சத்திரம் இருந்தது. கடைக்குப் போய் மெஷின் தலையில், ஊசிக்கு மேலே நானே ஒட்டினேன். தங்க நிறம். கட்டிங் மாஸ்டர் சிரித்தார். “பாய்க்கு குட் போட்டாச்சு” என்றார். வாப்பாவும் சிரித்தார். அந்த வருஷத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவை.

உறை வந்தது. கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக். வாப்பாவின் மேல்பல் வரிசை அப்படியே அதில் இருந்தது. பிடுங்கின இரண்டு இடமும் இருந்தது. ஓட்டை போட்ட ஒரு நீலப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். டாக்டர் என்னிடம் சொன்னார்: “இது கடிப்பதை நிறுத்தாது. பல்லுக்குப் பதிலாக இதைக் கடிப்பார். ஒரு நாளும் விடக்கூடாது.” நான் இரண்டு தடவை வாப்பாவிடம் சொன்னேன்.

அவர் போட்டார். முதல் நாள் எச்சில் வழிந்தது. கழற்றி எறியப் பார்த்தார். உம்மா விடவில்லை. நாலாம் நாள் பழகிவிட்டது. மத்தியானம் நான் வந்து திரையை விலக்கினால் ஏ.சி. சத்தம் மட்டும்தான். மாமி பலகைக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டாள். “லாத்தா, பூச்சியெல்லாம் போயிருச்சா?”

“போயிருச்சு.”

வாப்பா எழுந்து பொட்டில் கை வைக்காமல் டீ கேட்டார். அரை டம்ளர் போதும் என்றார். அப்படி மூன்று வாரம் போனது. மூன்று வாரம்தான்.

நோன்பு வந்தது.

தையல்காரன் வீட்டில் நோன்பு என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாது. பெருநாளுக்கு ஊரில் ஒவ்வொரு ஆணுக்கும் பையனுக்கும் புதுக் கந்தூரா வேண்டும். சாயங்காலம் நோன்பு திறந்த பிறகு கடை ஆரம்பித்து, விடிவதற்கு முன்னால் சஹர் சாப்பாடு வரைக்கும் ஓடும். வாப்பா விடியற்காலை பஜ்ர் தொழுதுவிட்டு வந்து படுப்பார். மத்தியானம் லுஹர் தொழுகை வரை தூங்குவார். மறுபடி தொழுதுவிட்டு சாயங்காலம் அஸர் வரை. தூக்கம் முழுக்கப் பகலில். பகல் முழுக்க நோன்பு.

முதல் நோன்பு அன்றைக்கு உம்மா நீலப் பெட்டியை நீட்டினாள். வாப்பா வாங்கவில்லை.

“நோம்பை வச்சுக்கிட்டு வாயில ஒண்ணை அடைச்சுக்கிட்டுப் படுக்கச் சொல்றியா?”

“அது திங்கிற சாமானா?”

“எச்சி ஊறுதுல்ல. முழுங்குறேன்ல. எனக்கு மனசுக்கு சரியாப் படல.”

“யார்கிட்டயாவது கேளுங்களேன்.”

“என்னன்னு கேப்பேன்? நான் பல்லைக் கடிக்கிறேன்னா?”

கேட்டிருக்கலாம். பள்ளிவாசல் எங்கள் வாசலிலிருந்து பார்த்தால் தெரியும். டாக்டரிடம் கேட்டிருக்கலாம். போன் நம்பர் பெட்டி மூடியிலேயே இருந்தது. பல வருஷம் கழித்து எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் ஆலிமிடம் நான் கேட்டேன். காய்ந்த உறையை வைத்துக்கொண்டு தூங்கினால் நோன்புக்கு ஒன்றும் ஆகாது, தன் எச்சிலை விழுங்குவதில் என்ன இருக்கிறது என்றார். அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. பெட்டி அலமாரி மேலே போனது.

நோன்புக்குப் பள்ளிக்கூடம் சீக்கிரம் விடும். ஒரு மணிக்கே வந்துவிடுவேன். முன்னைவிட மோசமாக இருந்தது. ஒரு மாதம் முழுக்கச் சரியான தூக்கம் இல்லாத மனுஷன். வெறும் வயிறு. தலைக்கு மேல் வேலை. அவர் கடித்ததை என்னால் இருந்து கேட்க முடியவில்லை. இரண்டு மூன்று தடவை பெட்டியை எடுத்து அவர் தலைமாட்டில் வைத்தேன். எழுந்ததும் அலமாரி மேலேயே வைத்துவிடுவார். ஒன்றும் திட்டமாட்டார். ஒரு தடவை மட்டும் சொன்னார். “புள்ள, பெருநாளைக்கு அப்புறம் போடுறேன். இன்னும் பத்து நாள்தானே.”

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துப் பார்த்தேன். டாக்டர் வைத்த மாதிரி. கல் மாதிரி இருந்தது. கையை வைத்தால் கொஞ்சம் தளரும். எடுத்தால் மறுபடி இறுகும். நானும் நோன்பு. கை வைத்தபடியே தூங்கிப்போவேன்.

இருபதுக்கு மேலே ஒரு நோன்பு. லுஹருக்கு அப்புறம். பாக்குவெட்டியில் கொட்டைப்பாக்கு வெட்டினால் ஒரு சத்தம் வருமே, அது கேட்டது. வாப்பா எழுந்து உட்கார்ந்தார். வாயைக் கையால் பொத்திக்கொண்டார். விரல் இடுக்கில் பல் துண்டு இருந்தது. ரத்தமும் இருந்தது. அவர் முதலில் கேட்டது, “மணி என்ன?” என்றுதான்.

“ரெண்டேகால் வாப்பா.”

“ரத்தம் உள்ள போச்சோ தெரியலையே” என்றார். குனிந்து துப்பிக்கொண்டே இருந்தார். பல் போனது அவருக்கு ரெண்டாவது கவலை. அந்த நோன்புக்குப் பதிலாக அப்புறம் ஒரு நாள் களா நோன்பு பிடித்தார்.

பெருநாள் வரைக்கும் பஞ்சை அடைத்துக்கொண்டு தைத்தார். பெருநாள் மூன்றாம் நாள் லேடி டாக்டரிடம் போனோம். ஒரு பல் வேர் வரைக்கும் பிளந்திருந்தது. அதை எடுக்க வேண்டும் என்றார். எதிர்ப்பக்கம் விரிசல் விட்ட இன்னொன்றையும் எடுக்க வேண்டுமாம். டாக்டர் என்னிடம் கேட்டார். “உறை போட்டாரா?”

இந்தத் தடவை வாப்பா எதுவும் சொல்லச் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

“நோ” என்றேன். அது உண்மைதான். அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

இரண்டு பல்லையும் எடுத்த பிறகு வீட்டில் உறையைப் போட்டுப் பார்த்தார். ஆடியது. வாய்க்குள்ளேயே நழுவியது. அது பழைய வாய்க்குச் செய்தது. புதிதாக ஒன்று செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். “லீவுல பாத்துக்குவோம்” என்றார் வாப்பா. உம்மா பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள். அதற்கு அப்புறம் அந்தப் பேச்சு நடக்கவில்லை.

அடுத்த வருஷம் கடையை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அங்கே ரூமில் ஆறு பேர். குடும்பம் வைக்க வழியில்லை. உம்மாவையும் என்னையும் ஊருக்கு அனுப்பிவிட்டார். எனக்குத் தமிழ் எழுத்து தெரியாது. தமிழ்ப் பாடத்துக்கு மட்டும் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைத்தார்கள். இரண்டு வருஷம் முயன்று பார்த்துவிட்டு நிறுத்திவிட்டேன். உங்களிடம் சொல்லாமல் வந்ததற்கு வேறு காரணம் இல்லை.

வாப்பா இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வந்தார். ஏர்போர்ட்டில் ஒவ்வொரு தடவையும் கன்னம் உள்ளே போயிருக்கும். நாங்கள் சூட்கேஸைப் பார்க்கமாட்டோம், வாயைப் பார்ப்போம். அந்த ரூமில் ஆறு பேரில் யாரும் அவர் பக்கத்தில் படுக்க மாட்டேன் என்றார்களாம். அவரைச் சமையற்கட்டுப் பக்கம் படுக்கச் சொன்னார்களாம். அதை அவராகச் சொல்லவில்லை. கூட இருந்த ஒருவர் வந்து சொன்னார், சிரித்துக்கொண்டே. லீவில் ஒரு மாதம் கல்யாணம், காது குத்து, வீட்டு வேலை என்று போய்விடும். பல்லுக்கு நாள் மிச்சமிருக்காது. விரிசல் விட்டதை அங்கேயே பிடுங்கிக்கொண்டு அடுத்த லீவுக்கு வருவார்.

இப்போது ஊரோடு வந்துவிட்டார். முழுக்கவும் கட்டுப்பல்தான். நல்ல வரிசையான பல். அதைப் போட்டுக்கொண்டு சிரித்தால் வேறு யாரோ மாதிரி இருக்கும். நீலப் பெட்டி வீடு மாறும்போது எங்கேயோ போய்விட்டது. நூல்வெட்டி இருக்கிறது. நட்சத்திரம் ஒட்டிய மெஷின் யாரிடம் இருக்கிறதோ.

மத்தியானம் சாப்பிட்டதும் பல்லைக் கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டுப் படுப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். கொஞ்ச நேரத்தில் காதுக்குக் கீழே அந்த முடிச்சு எழும்பும். தாடை இப்படியும் அப்படியும் அரைக்கும். கடிக்க ஒன்றும் இல்லை. ஈறு மட்டும் ஈறோடு உரசும்.

உம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. உள்ளே இருந்து கேட்பாள்.

“வாப்பா தூங்குறாரா?”

“தூங்குறாங்க உம்மா.”

“சத்தம் இருக்கா?”

நான் கன்னத்தில் கையை வைப்பேன். கல் மாதிரி இருக்கும்.

“இல்லை உம்மா” என்பேன்.